ஆபத்து நமக்கு! அறிவிப்பு யாருக்கு?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் கூடத்துக்கு ஒரு தாய் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான்கு காகிதங்கள். ஆறு ஆண்டுகளாக அவற்றை மடித்து, பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, எம்புள்ள எப்படிச் செத்தாம்னு இதுல எழுதியிருக்காம். வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

ஆறு ஆண்டுகள்! தான் பெற்ற பிள்ளை எப்படிச் செத்தான் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு தாய் ஆறு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார். இத்தனை லட்சம் தமிழர் வாழும் இந்த மும்பையில்! இதற்கு வெட்கப்பட வேண்டியவர்களில் முதலில் நிற்பது நம் சங்கம்தான். அதை ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறோம்.

அந்தப் பையனுக்கு அப்போது வயது 22. திருநெல்வேலிச் சீமைப் பிள்ளை. எட்டாவது வரை படித்தவன். நகருக்கு வெளியே ஒரு ரசாயனப் பட்டறையில் கான்ட்ராக்டர் மூலம் கூலி. கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான், ஏறவில்லை. அவனை இழுக்க இறங்கிய பீகார்ப் பையனும் ஏறவில்லை. தொட்டி வாயில் எச்சரிக்கைப் பலகை இல்லாமலா? இருந்தது. சிவப்பு எழுத்தில், பளிச்சென்று இருந்தது. "டேஞ்சர். கன்ஃபைன்டு ஸ்பேஸ். என்ட்ரி பை பெர்மிட் ஒன்லி."

கூட நின்றவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். பலகையின் முதல் சொல் தம்பிக்குத் தெரியும். மின்சாரக் கம்பத்தில் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் பார்த்த சொல். அதனால் கரண்ட் இருக்குமோ என்று சுற்றிலும் பார்த்திருக்கிறான். கம்பி எதுவும் தொங்கவில்லை. 'பெர்மிட்' என்ற சொல்லும் தெரியும். லாரிக்கு வாங்குவார்களே, அந்தப் பெர்மிட். லாரி உள்ளே வரக்கூடாது போலிருக்கிறது என்று சிரித்திருக்கிறான். சிரித்துவிட்டு இறங்கியிருக்கிறான்.

படிப்பறிவில்லாதவன் செத்தான் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்ததை யோசித்தான். கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் காலை வைத்தான். பொறுப்பான தொழிலாளி ஒருவன் செய்ய வேண்டிய அத்தனையும் செய்தான். அவனைக் கைவிட்டது அந்தப் பலகை.

'கன்ஃபைன்டு ஸ்பேஸ்' என்றால் என்ன? அடைபட்ட இடம். அடைபட்ட இடம் நமக்குப் புதிதா? பத்துக்குப் பத்து கோலியில் எட்டுப் பேர் படுக்கிறோமே, அதுவும் அடைபட்ட இடம்தான்! அந்தச் சொல்லுக்குள் எமன் இருப்பது அதை எழுதிய எஞ்சினியருக்குத் தெரியும், இறங்குகிறவனுக்குத் தெரியாது. கழிவுத் தொட்டியிலும் சாக்கடைக் குழியிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப் போகும், நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்' என்று நினைக்கிறவன் சாகிறான். பிராணவாயு குறைந்த குழி இன்னும் மோசம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் விழுந்தவனைத் தூக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவன் அடுத்து விழுகிறான். இப்படி ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் செத்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! இந்தச் சேதியில் ஒரு வரியாவது அந்தப் பலகையில் உண்டா?

இனி அந்த நான்கு காகிதங்கள்.

முதலாவது கான்ட்ராக்டர் எழுதியது: 'அன்ஆதரைஸ்டு என்ட்ரி'. அனுமதியில்லாமல் தானே இறங்கினான் என்று பொருள். இறங்கச் சொன்னவன் எழுதுகிறான் இப்படி! இரண்டாவது ஆஸ்பத்திரிக் காகிதம்: 'அஸ்ஃபிக்ஸியா'. மூச்சு முட்டிச் செத்தான். ஏன் முட்டியது என்று அதில் இல்லை. மூன்றாவது போலீஸ் காகிதம்: 'ஆக்ஸிடென்டல் டெத்'. நான்காவதில் அந்தத் தாயின் கைரேகை இருக்கிறது. அதற்கு மேலே மூன்று சொற்கள்: 'ஃபுல் அண்ட் ஃபைனல்'. பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று பொருள். பிணத்தை ஊருக்குக் கொண்டுபோகச் செலவுக்குத் தருகிறோம் என்று சொல்லி ரேகை வாங்கியிருக்கிறார்கள்.

படித்துச் சொன்னோம். அந்தத் தாய் அழவில்லை. "அப்போ அவன் மேலதான் தப்புன்னு எழுதியிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இதைத்தான் இந்த மாதம் எழுதுகிறோம், தோழர்களே. ஆபத்துக்கு முன்னால் பலகையில் ஆங்கிலம். ஆபத்துக்குப் பின்னால் காகிதத்தில் ஆங்கிலம். நடுவில் சாகிறவன் மட்டும் தமிழன், பீகாரி, ஒரியாக்காரன், தெலுங்கன்!

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, சட்டப்படி தொங்கவிட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம் போலத் தோன்றும். 'பெரும்பான்மையோருக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிழைப்புத் தேடி வந்த நாம் எந்த ஆலையில் பெரும்பான்மை? நூறு பேரில் பன்னிரண்டு பேர் தமிழர். விஷவாயு பெரும்பான்மையைப் பார்த்தா அடிக்கிறது? 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளும் இப்படித்தான்: அபாய அறிவிப்பு ஹிந்தியில் அல்லது ஆங்கிலத்தில், கூடவே அந்த மாவட்டத்து மொழியில். ஆனால் கூடவே ஒரு மண்டையோடும் எலும்பும் போடச் சொன்னார்கள் பாருங்கள், அதை எழுதியவனுக்குப் புண்ணியம் உண்டு. மண்டையோட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

அந்தப் பழைய தொழிலாளர் சட்டங்களைத்தான் மூட்டை கட்டி, நான்கு தொகுப்புச் சட்டங்களுக்குள் அடக்கி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தொகுப்பு எதுவானாலும் நம் கேள்வி ஒன்றுதான்: தொட்டிக்குள் இறங்குகிறவனின் மொழி எது என்று எவனாவது கேட்டானா?

'ஆபத்து நேரத்தில் எல்லா மொழியையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?' என்று கேட்கிற மேதாவிகள் உண்டு. முடியும். உலகம் முடித்துக் காட்டியிருக்கிறது.

கடலில் கப்பல் தத்தளித்தால் அனுப்பும் 'எஸ்.ஓ.எஸ்.' என்ற அடையாளம் எந்த மொழிச் சொல்லும் அல்ல. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. 1906இல் பெர்லினில் பல நாட்டார் கூடி, தந்தியில் தட்டுவதற்கு எளிது, காதில் விழுந்தால் தவறாது என்பதற்காக அதை ஒப்புக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு விரிவு சொல்லுவதெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தது. வாயால் பேசும் வானொலி வந்தபின் 'மேடே' என்ற கூவல் வந்தது. 1927இல் உலக ஒப்பந்தத்தில் ஏறியது. அதன் மூலம் 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடர். (நாம் கொண்டாடும் மே தினம் வேறு. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினாரே, அது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்!) ஆங்கிலேயன், ஜெர்மானியன், ஜப்பானியன் எல்லாரும் ஒரே கூவலுக்கு எப்படி இணங்கினார்கள்? கப்பல் மூழ்கினால் முதலாளியின் சரக்கும் சேர்ந்து மூழ்கும். அதனால் இணங்கினார்கள். தொட்டியில் மூழ்குவது நம் பிள்ளை மட்டும்தானே!

போபாலை மறந்திருக்கமாட்டீர்கள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷம் கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த குடிசைகளுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்த ஆலையின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. வேலை பார்த்தவர்களில் பலர் ஹிந்தி மட்டுமே அறிந்தவர்கள். சுற்றியிருந்த ஏழைகளுக்கோ எந்த மொழியிலும் எதுவும் சொல்லப்படவில்லை. ஓடுவதா, எந்தப் பக்கம் ஓடுவது, ஈரத்துணியால் முகத்தை மூடு என்று சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகுதான் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆலையின் அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும் முதலாளி சொல்லியாக வேண்டும் என்று எழுதினார்கள். அத்தனை உயிர் போன பிறகு ஒரு பிரிவு!

ஆனால் ஒன்று. ஆளுகிறவர்களுக்கு வேண்டிய ஆங்கிலச் சொல் மட்டும் நம்மிடம் உடனே வந்து சேர்ந்துவிடும். இதில் மட்டும் மொழித் தடை கிடையாது!

1975 ஜூன் 25 வரை 'எமர்ஜென்சி' என்ற சொல் நம் சால்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்குத் தெரிந்திருக்கலாம். அதற்கு அடுத்த ஆண்டு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மான்கூர்ட் ஜனதா காலனிப் பெரியவர்களைக் கேளுங்கள். 1976 மே மாதம் போலீஸ் சூழ்ந்து நிற்க, சுமார் 70,000 பேர் வாழ்ந்த அந்தக் காலனியை இடித்து, மக்களை லாரியில் ஏற்றி, டிராம்பே பக்கம் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நம்மவர்கள் நிறைய வாழ்ந்த இடம் அது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த நம் ஜோக்கின் அற்புதம் அந்தக் காலனிக்காகப் பல ஆண்டுகள் போராடி நின்றார். கோர்ட்டு, மனு, டெல்லி என்று எல்லா வாசலையும் தட்டிய பிறகும், அந்த ஒரு ஆங்கிலச் சொல்லின் முன்னால் எல்லா வாசலும் மூடிக்கொண்டது. பத்திரிகைகள் அதை 'நெருக்கடி நிலை' என்று தமிழில் எழுதின. யாருக்கு நெருக்கடி? நாற்காலிக்கு நெருக்கடி! அரசியல் சாசனத்தில் அதற்குக் காட்டிய காரணம் 'உள்நாட்டுக் குழப்பம்'. அந்தச் சொல் வளைந்துகொடுத்து நாட்டையே சிறையாக்கியது என்று கண்டுதான், 1978இல் 44ஆவது திருத்தத்தில் அதை வெட்டி எறிந்து 'ஆயுதம் தாங்கிய கலகம்' என்று வைத்தார்கள். ஒரு சொல்லை மாற்றச் சாசனத்தையே திருத்துகிறார்கள். நம் தொட்டிப் பலகையில் ஒரு சொல்லை மாற்ற ஒரு டப்பா பெயிண்ட் போதாதா?

அடுத்தது 'லாக்டவுன்'. 2020 மார்ச் 24, இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் பேசினார், நள்ளிரவு பன்னிரண்டுக்கு நாடு மூடப்பட்டது. நாலு மணி நேரம். நாலு மணி நேரத்தில் அந்தச் சொல் தாராவியின் கடைசிச் சந்துவரை வந்துவிட்டது. அதன் பின்னாலேயே 'குவாரண்டைன்', 'கன்டெய்ன்மெண்ட் ஸோன்', 'சோஷியல் டிஸ்டன்ஸ்'. வீட்டுக்குள்ளேயே ஆறடி தள்ளி இரு என்றார்கள். கோலியின் நீளமே பத்தடி! பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்கிறவனை 'ஹோம் குவாரண்டைன்' என்றால் அந்த 'ஹோம்' யாருடையது? அந்தச் சொற்களை உண்டாக்கியவன் வீட்டில் தனிப் படுக்கையறை உண்டு. அதற்குள்ளேயே குளியலறையும் உண்டு. அவன் வீட்டை அளந்து தைத்த சட்டையை நமக்கு மாட்டினார்கள். நடந்தே ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர்! மே 1ஆம் தேதிதான் தொழிலாளர்களுக்கென்று ரயிலே புறப்பட்டது.

இதற்கெல்லாம் தாத்தா ஒரு சொல் உண்டு. நாக்காவில் நின்று வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதைக் கேட்டிருப்பீர்கள். முக்காடம் வாயில் வரும் ஒரே ஆங்கிலம். "அர்ஜெண்ட் ஹை!" கட்டர் அடைத்துக்கொண்டது, அர்ஜெண்ட். சேட் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறது, அர்ஜெண்ட். கயிறு வரட்டும், முகமூடி வரட்டும் என்றால், அதெல்லாம் அப்புறம், அர்ஜெண்ட்! நம் பிள்ளைகளைக் கொன்ற சொற்களில் 'டேஞ்சர்' கூட இல்லை. 'அர்ஜெண்ட்'தான் முதல் கொலைகாரன். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 2014 மார்ச் 27இல் சுப்ரீம் கோர்ட், எமர்ஜென்சி நிலைமையாக இருந்தாலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதைக் குற்றமாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. முக்காடம் 'அர்ஜெண்ட்' என்றால், 'கோர்ட் நஹீ போலா' என்று சொல்லுங்கள். வேலை போகுமே என்பீர்கள். போகலாம், பொய் சொல்லமாட்டோம். தனியாகச் சொன்னால் போகும். நாக்காவில் நிற்கிற முப்பது பேரும் சொன்னால் அவன் எங்கே போவான்?

இன்னொரு சொல்லைக் கேட்டுச் சிரியுங்கள், அல்லது அழுங்கள். பெட்ரோல் டாங்கர் லாரியின் முதுகில் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருக்கும். ஆங்கிலத்தில் முன்னால் 'இன்' போட்டால் பல சொற்களுக்கு 'இல்லை' என்று பொருள். அப்படியானால் தீப்பிடிக்காதது என்றுதானே கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவன் நினைப்பான்? பொருள் நேர் எதிர்: எளிதில் தீப்பிடிப்பது! இந்தக் குழப்பத்துக்குப் பயந்து, ஆங்கிலம் பேசும் நாட்டுப் பாதுகாப்புக்காரர்களே 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதத் தொடங்கினார்கள். அவர்களுக்கே விளங்காமல் அவர்களே கைவிட்ட சொல்லை நாம் இன்னும் லாரி முதுகில் சுமந்துகொண்டு திரிகிறோம்.

ஆங்கிலத்தை ஒழித்துத் தூய தமிழ் எழுதினால் போதுமா? இந்த இடத்தில் நம் அன்பர்கள் சிலரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. 'கன்ஃபைன்டு ஸ்பேஸ்' என்பதை 'வரையறுக்கப்பட்ட வெளி' என்று மொழிபெயர்த்து ஒட்டினால் அந்தத் தம்பி பிழைத்திருப்பானா? மாட்டான். தமிழில் செத்திருப்பான், அவ்வளவுதான். அகராதி வேண்டாம். நம் வீட்டுப் பெண் அடுப்புப் பக்கம் தவழும் குழந்தையிடம் எப்படிச் சொல்கிறாள்? "தொடாதே, சுடும்!" என்கிறாள். என்ன செய்யக்கூடாது, செய்தால் என்ன ஆகும், இரண்டே சொல். பலகையும் அப்படிப் பேச வேண்டும். "இறங்காதே. உள்ளே காற்று விஷம். நாற்றம் இல்லாவிட்டாலும் சாவு. விழுந்தவனைத் தூக்க நீயும் இறங்காதே, கத்திக் கூப்பிடு." இதைத் தமிழில், ஹிந்தியில், மராத்தியில், ஒரியாவில் எழுது. பக்கத்தில் ஒரு படம் போடு. எழுத்தே தெரியாதவனுக்கு வேலைக்கு முன் வாயால் சொல்லு. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லு. இதைத்தான் கேட்கிறோம். இது தமிழனுக்கு மட்டும் சலுகை கேட்பதல்ல; அந்தக் குழியில் கிடந்த பீகார்த் தாய் மகனுக்கும் சேர்த்துக் கேட்கிறோம்.

அதே நேரத்தில், காகிதத்தில் வரும் ஆங்கிலத்தை நாம் படிக்காமல் விட்டால் நட்டம் நமக்குத்தான். வேலையில் அடிபட்டால் 'ஆக்ஸிடென்ட்' என்ற சொல் நமக்கு எதிரி இல்லை. வேலை நேரத்தில் வேலையால் நேர்ந்த விபத்து என்று பதிவானால் நஷ்டஈடு உண்டு. யார் தப்பு என்று நிரூபிக்கும் பாரம் தொழிலாளிக்கு இல்லை என்பதே 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் அடிப்படை. அதனால்தான் கான்ட்ராக்டர் அந்தச் சொல்லை எழுதப் பயப்படுகிறான். 'மயங்கி விழுந்தார்', 'நேச்சுரல் டெத்' என்று எழுதுகிறான். அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இன்னொன்றும் சொன்னது: செத்தவர் குடும்பத்துக்குரிய நஷ்டஈட்டை நேரே கையில் கொடுத்து முடிக்கக் கூடாது, கமிஷனரிடம் கட்ட வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றும் 17ஆம் பிரிவில் இருந்தது. ஆக, அந்தத் தாயின் கைரேகைக்கு மேலே எழுதிய 'ஃபுல் அண்ட் ஃபைனல்' அன்றைய சட்டத்தின் முன் வெறும் காகிதம்! ஆறு ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது அவருடைய உரிமை. சங்கத்து வக்கீல் அதை இப்போது எடுத்திருக்கிறார். காலம் கடந்துவிட்டது என்பார்கள். ஏன் கடந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறோம்.

ஆஸ்பத்திரியிலும் இரண்டு சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் 'போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போ' என்று விரட்டினால் நகராதீர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு உடனே சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, அது சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் சரி என்று 1989இலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. 'கன்சென்ட்' என்று ஒரு தாளை நீட்டினால், என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து என்று நம் மொழியில் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். தமிழ் தெரிந்த நர்ஸம்மா ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் எங்காவது இருப்பார்; "அக்கா, கொஞ்சம் வந்து சொல்லுங்க" என்றால் வராமலா போவார்?

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நம் கூடத்தில் கூடுவோம். ஒவ்வொருவரும் வேலை செய்யும் இடத்தில் சிவப்பிலும் மஞ்சளிலும் என்னென்ன எழுதியிருக்கிறதோ, அதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். போட்டோ இருந்தாலும் சரி. வீட்டுப் பெட்டிக்குள் இங்கிலீஷ் காகிதம் மடித்து வைத்திருக்கிற தாய்மார்கள் அதையும் கொண்டு வாருங்கள். அந்தத் தாயும் வருகிறார். பெயிண்டர் வேலை செய்யும் தம்பிகள் மூன்று பேர் பிரஷோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தகரமும் பெயிண்டும் சங்கத்துச் செலவு.